நிலமும் பறையும்: ஆப்பிரிக்க மரபிசையின் வட்டாரப் பாணிகள்

நிலத்திற்கு நிலம் இசை வேறுபடும் என்னும் உண்மையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு மணமுழவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என உரையாசிரியர்கள் இதனை விரித்துரைப்பர். மரமும் பறவையும் ஒரு மண்ணுக்கு உரியன ஆவது போலவே இசைக்கருவியும் அம்மண்ணுக்கு உரியதாகும் என்பதே இதன் கருத்தாகும்.

இக்கருத்தைக் கையிற்கொண்டு ஆப்பிரிக்கக் கண்டத்தின் மரபிசையை நோக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். 'ஆப்பிரிக்க இசை' என்றவுடன் நம்மிற் பலருக்கு முரசொலி ஒன்றே நினைவுக்கு வருகிறது. திரைப்படங்கள் நமக்குக் காட்டியதும் அவ்வளவே. 54 நாடுகளையும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மொழிகளையும் கொண்ட அக்கண்டத்திற்கு ஒரே இசை உண்டு என்பது, காஷ்மீரத்துப் பாட்டும் கன்னியாகுமரி வில்லுப்பாட்டும் ஒன்றே என்று கூறுவதைப் போன்றதாகும்.

இரண்டாவதாக ஒரு வினாவும் எழுகிறது. நிலம் இசையைத் தருகிறது என்றால், நிலத்தை இழந்த மக்களின் இசை என்னாகும்? பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் பிழைப்பின் பொருட்டு வந்து கூடிய நெய்வேலி நகரியத்தில் வாழும் நமக்கு இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு என்பதை நாம் அறிவோம். அவ்வாதத்திற்குள் நாம் புகவில்லை. வரலாற்றுச் செய்தியாகவும் பண்பாட்டுச் செய்தியாகவுமே இதனை இங்கு முன்வைக்கிறோம்.

ஐவகை நிலமும் ஐவகைப் பாணியும்

ஆப்பிரிக்க மரபிசையை ஆய்ந்தோர் பலவாறு வட்டாரம் பிரித்துள்ளனர். எளிதில் விளங்கும் பொருட்டு நாம் ஐந்து வட்டாரங்களாகக் கொள்வோம்.

முதலாவது, வடக்கிலுள்ள பாலை நிலமும் அதன் விளிம்பும். மொராக்கோ முதலிய வட நாடுகளில் அரபு இசையின் செல்வாக்கு மிகுதி. ஆயினும் அங்கும் ஒரு தனிப் பாணி உண்டு. சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழியினர் 'கனாவா' எனப்படுவர். மூன்று நரம்புகளுடைய 'கும்ப்ரி' என்னும் கருவியும், இரும்பாலான பெரிய சப்ளாக்கட்டைகளும் அவர்தம் அடையாளங்கள். அபிசீனிய நாட்டுத் தோன்றலும் இஸ்லாத்தின் முதல் முஅத்தினுமாகிய பிலால் (ரலி) அவர்களைத் தம் ஞான முன்னோராக அவர்கள் போற்றுகின்றனர். இக்கலையை யுனெஸ்கோ 2019ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பிலால் (ரலி) பற்றிய இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இந்தியக் கரையிலும் இதனைக் காண்போம்.

பாலையின் தென்விளிம்பில், மாலி, கினி, செனகல், காம்பியா நாடுகளில் வாழும் மாந்தே மக்களிடையே பரம்பரைப் பாடகர் குலம் ஒன்று உண்டு. 'ஜெலி' எனவும் 'ஜாலி' எனவும் வழங்கும் அவர்கள் அரசரின் குடிவழியை மனத்தில் இருத்திப் பாடுவோர்; புகழ்வோர்; தேவைப்படின் இடித்துரைப்போர். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வரலாறு இவர்கள் நாவிலேயே வாழ்ந்து வந்தது. நம் சங்கப் பாணரை இவர்கள் நினைவூட்டுகின்றனர். அவர்கள் இசைக்கும் 'கோரா' என்னும் கருவி, பெரிய சுரைக்குடுக்கையின் பாதியைத் தோலால் மூடிச் செய்யப்படுவது. 21 நரம்புகளை உடையது. பேரியாழுக்கும் 21 நரம்புகள் என்பர் நம் உரையாசிரியர்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நாம் கூறவில்லை. பாணர் மரபு செழித்த இருவேறு நாடுகளிலும் கைகள் ஏறத்தாழ ஒரே அளவை நாடின என்பதைச் சுட்டுகிறோம்.

இரண்டாவது, மேற்குக் கடற்கரை. கானா, டோகோ, நைஜீரியா ஆகிய நாடுகளின் பாணி இது. நாம் பொதுவாக 'ஆப்பிரிக்க முரசு' என எண்ணுவது பெரும்பாலும் இப்பாணியையே. இங்குப் பல முரசுகள் ஒருங்கே ஒலிப்பினும் அவற்றை ஆள்வது ஓர் இரும்பு மணி. எவே மக்களின் ஆடலிசையில் 12 சிறு மாத்திரைகளுக்குள் ஏழு தட்டுகளாக அம்மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். கானா நாட்டு இசையறிஞர் நெட்டியா போன்றோர் இதனைக் 'காலக்கோடு' என்னும் பொருள்படக் குறித்தனர். நம் மேளத்தில் ஜால்ரா செய்யும் பணியை ஒத்தது இது. ஆனால் சமச்சீராகத் தட்டாமல் நெடிலும் குறிலுமாக மாறி வருவது அதன் சிறப்பு.

நைஜீரியாவின் யொருபா மக்களிடம் 'துந்துன்' என்னும் முரசு உண்டு. வடிவில் நம் உடுக்கையை ஒத்தது. அதன் வார்களைக் கைக்குள் இறுக்கியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்குவர். யொருபா மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே மாற்றும். ஆதலால் அம்முரசு வாழ்த்தையும் பழமொழியையும் பேச வல்லதாயிற்று. 'பறை' என்னும் தமிழ்ச்சொல்லுக்குக் கருவி என்றும் சொல்லுதல் என்றும் இரு பொருள் உண்டு. யொருபா முரசைக் கேட்போர் அவ்விரு பொருளும் ஒன்றாவதைக் காண்பர்.

மூன்றாவது, நடுவண் காடு. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் அடர்காட்டில் வாழும் ஆக்கா மக்களின் இசையில் முதலிடம் குரலுக்கே. வேட்டைக்கும் தேன் எடுப்பதற்கும் இறப்புக்கும் தனித்தனிப் பாடல்கள் உண்டு. ஒருவர் பாட மற்றவர் பின்பாட்டுப் பாடுவது என்னும் முறை அங்கில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வழியில் ஓர் இழையைப் பாட, அவ்விழைகள் பின்னிப் பிணைந்து ஒரே பாடலாகின்றன. இதனை எழுதி வைத்தவர் எவருமிலர். காதால் கேட்டே குழந்தைகள் கற்கின்றனர். யுனெஸ்கோ 2003ஆம் ஆண்டில் இப்பாணிக்குச் சிறப்புச் செய்தது.

நான்காவது, கிழக்கு. எத்தியோப்பியாவின் மலைநாட்டில் ஐந்து சுரங்களால் ஆகிய பண்முறைகள் உள்ளன. அவற்றுள் 'திசிதா' என்பதன் ஒரு வகை நம் மோகனத்தின் சுரங்களையே கொண்டது. ஏக்கத்தையும் நினைவையும் பாட அதனை அவர்கள் கொள்வர். சற்றுத் தெற்கே உகாண்டாவின் புகாண்டா அரசவையில் 'அமதிந்தா' என்னும் 12 மரக்கட்டைகள் கொண்ட கருவி முழங்கியது. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒருவர் தட்டுக்கு இடையே மற்றவர் தட்ட, மூன்றாமவர் அவ்விரண்டிலிருந்தும் எழும் ஒலிகளுள் சிலவற்றைத் தெரிந்து உயர் சுரத்தில் எதிரொலிப்பார். ஒருவராலும் தனித்து வாசிக்க இயலாத இசை அது. 1966ஆம் ஆண்டில் அரண்மனை தாக்கப்பட்டு, மறு ஆண்டில் முடியாட்சியும் நீக்கப்பட்டபோது அரசவைக் கலைஞர் சிதறினர். 1993இல் முடி மீண்டது. ஆயினும் இடையில் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

சான்சிபார்த் தீவின் 'தாரப்' என்னும் பாணியோ கடல் வாணிகத்தின் குழந்தை. அரபு நாட்டு ஊது, கானூன் ஆகிய கருவிகளோடு சுவாகிலி மொழிக் கவிதை இணைந்தது. அதன் புகழ்பெற்ற பாடகி சித்தி பின்த் சாத் 1928ஆம் ஆண்டில் இசைத்தட்டுப் பதிவுக்காக வந்தது நம் பம்பாய் நகருக்கே.

ஐந்தாவது, தெற்கு. சிம்பாப்வேயின் சோனா மக்கள் 'இம்பிரா' என்னும் கருவியைப் போற்றுவர். சிறு பலகையில் பொருத்திய இரும்புத் தகடுகளைக் கட்டை விரல்களாலும் சுட்டு விரலாலும் மீட்டி, முன்னோரை அழைக்கும் வழிபாட்டில் விடிய விடிய இசைப்பர். மொசாம்பிக்கின் சோப்பி மக்களுக்கு 'திம்பிலா' என்னும் மரக்கட்டைக் கருவிக் குழு உண்டு. தென்கோடியில் கோசா, சூலு மக்கள் வில்லையே இசைக்கருவியாக்கினர். நாணைத் தட்ட, சுரைக்குடுக்கை அவ்வொலியைப் பெருக்கும். இது நமக்கு வியப்பன்று. ஆயன் ஒருவன் குமிழ மரக் கொம்பை வளைத்துச் செய்த வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டில் அவ்வில் இன்றும் ஒலிக்கிறது.

இவ்வைந்தையும் தொகுத்து நோக்கினால் ஓருண்மை விளங்கும். காட்டில் குரல், அரசவை இருந்த இடத்தில் பாணரும் கருவிக்குழுவும், துறைமுகத்தில் கலப்பிசை, சுரைக்காய் விளைந்த நிலத்தில் சுரைக்குடுக்கை என நிலமும் வாழ்வும் பாணியை வகுத்தன. திணைக்கொள்கை ஆப்பிரிக்காவிலும் பொருந்துகிறது. இனி, நிலத்தை இழந்தோரின் நிலையைக் காண்போம்.

நம் கரைகளுக்கு வந்த பாணிகள்

அபிசீனியாவோடு நமக்குள்ள உறவு பழமையானது. முதல் முஸ்லிம்களுள் ஒரு சாரார் மக்கத்துக் கொடுமைக்குத் தப்பி அடைக்கலம் புகுந்தது அந்நாட்டிலேயே. உமறுப்புலவரின் சீறாப்புராணம் இதனைத் தனிப்படலமாகப் பாடுகிறது. ஈதுநாளில் அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கர் அனைவரும் ஒரே வகையில் வந்தவரல்லர். வணிகராகவும் மாலுமியாகவும் படைவீரராகவும் சிலர் வந்தனர். மிகப் பலர் அரபுக் கப்பல்களிலும் போர்த்துக்கீசியக் கப்பல்களிலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். அடிமையாக வந்து அகமது நகர் அரசின் ஆட்சியையே நடத்திய மாலிக் அம்பர் (1548 - 1626) வரலாறு அறிந்த பெருமகன். இவர்தம் வழியினர் சித்தி என வழங்கப்படுகின்றனர்.

குஜராத் மாநிலம் பரூச் மாவட்டத்தில் இரத்தன்பூர் என்னும் ஊரையடுத்துப் பாவா கோர் என்னும் மகானின் தர்கா உள்ளது. அபிசீனியாவிலிருந்து வந்து அகேட் என்னும் மணிக்கல் வாணிகத்தோடு தொடர்புற்றவராக அவரை மரபு கூறும். அங்கு உரூசு நாளில் சித்தி மக்கள் ஆடிப் பாடுவது 'கோமா' எனவும் 'தமால்' எனவும் பெயர் பெறும். கிழக்கு ஆப்பிரிக்காவின் பல மொழிகளில் 'ங்கோமா' என்னும் சொல் முரசு, ஆட்டம், அவை நிகழும் கூட்டம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறிக்கும். அச்சொல்லே குஜராத்தில் கோமா ஆயிற்று. கால்கள் வைத்துச் செய்த 'முகர்மான்' என்னும் நெடுமுரசும், 'முசிந்தோ' என்னும் இருமுக முரசும், 'மலுங்கா' என்னும் சுரைக்குடுக்கை வில்லும், 'மாய் மிஸ்ரா' என்னும் கிலுகிலுப்பையும் அங்கு ஒலிக்கின்றன. பாவா கோரின் தங்கையாகப் போற்றப்படும் அம்மையாரின் பெயரே அக்கிலுகிலுப்பைக்கு இடப்பட்டுள்ளது. இம்மக்களும் பிலால் (ரலி) அவர்களைத் தம் முன்னோராகப் பாடுகின்றனர். மொராக்கோவின் கனாவா மக்களும் குஜராத்தின் சித்தி மக்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இரு திசைகளுக்குச் சிதறுண்ட அவர்கள் தாமே தேடிக்கொண்ட முன்னோர் ஒருவரே என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தியாகும். விலங்கு பூட்டி இழுத்துவரப்பட்டோர், விலங்கு அறுக்கப்பட்ட ஒருவரைத் தம் மூதாதையாகக் கொண்டனர்.

கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியால் பகுதிக் காடுகளில் வாழும் சித்தியரின் நிலை வேறு. கோவாவில் போர்த்துக்கீசியரிடமிருந்து விடுபட்டும் தப்பியும் காட்டை அடைந்தோரின் வழியினர் இவருட் பலர். இந்து, முஸ்லிம், கிறித்தவர் என மூன்று சமயத்தாரும் இவரிடையே உளர். ஆயினும் 'தமாம்' என்னும் முரசும் அதனோடு இணைந்த ஆடலும் பாடலும் மூவருக்கும் பொது. சமயம் பிரித்த இடத்திலும் பறை பிரிக்கவில்லை.

ஐதராபாத்தில் நிசாம் மன்னரின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை தங்கிய பகுதி இன்றும் ஏ.சி. கார்ட்ஸ் என்றே வழங்குகிறது. அங்குச் சித்தியரும் ஏமன் நாட்டு அரபு வழியினரும் கலந்து வளர்த்த 'மர்ஃபா' என்னும் முரசிசை, அந்நகரின் திருமண ஊர்வலங்களில் எல்லாச் சமூகத்தாராலும் விரும்பப்படுவதாயிற்று.

இலங்கையில் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் மற்றொரு சிறு குழு உண்டு. காப்பிரியர் எனப் பிறரால் பெயரிடப்பட்ட இவர்களின் முன்னோரைப் போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துக் கொண்டுவந்தனர். ஆங்கிலப் படைப்பிரிவு கலைக்கப்பட்டபின் பலர் புத்தளத்தில் குடியமர்ந்தனர். அவர்தம் பாடல்களுக்கு 'மஞ்சா' என்று பெயர். மெல்லத் தொடங்கி விரைந்து முடியும் அப்பாடல்களுக்குச் சிரட்டை, புட்டி, கரண்டி போன்ற வீட்டுப் பொருள்களும் தாளக் கருவிகள். இன்று அம்மக்கள் பேசுவது சிங்களம். பாடுவது போர்த்துக்கீசியம் கலந்த பழைய மொழி. பாடும் சொற்கள் சிலவற்றின் பொருள் பாடுவோருக்கே விளங்குவதில்லை. ஆயினும் தாளம் தவறுவதில்லை.

இந்நான்கு ஊர்களையும் ஒப்பிட்டால் நம் வினாவுக்கு ஒரு விடை கிடைக்கிறது. நிலம் போனபின் முதலில் மறைவது மொழி. அடுத்து, மரமும் தோலும் கிடைக்காமையால் கருவி மாறுகிறது. நெடுமுரசு இருந்த இடத்தில் சிரட்டையும் கரண்டியும் வருகின்றன. இறுதிவரை நிற்பது தாளமும், அத்தாளத்தை வேண்டி நிற்கும் நிகழ்வும் ஆகும். இரத்தன்பூரில் உரூசும், வட கன்னடத்தில் மணமும் மூதாதையர் வழிபாடும், ஐதராபாத்தில் திருமண ஊர்வலமும், சிறாம்பியடியில் உறவினர் கூடும் விழாவும் இல்லாதிருப்பின் அவ்விசை எப்பொழுதோ அழிந்திருக்கும். நிலம் பறையைத் தந்தது. நிகழ்வு அதனைக் காத்தது எனலாம்.

பொன் சுரங்கத்துப் பறை

நெய்வேலி மக்களுக்கு மிக நெருங்கிய சான்று ஒன்று தென்னாப்பிரிக்காவில் உள்ளது. 1886ஆம் ஆண்டில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் பொன் கண்டறியப்பட்டபின், மொசாம்பிக், லெசோத்தோ, மலாவி முதலிய பகுதிகளிலிருந்து இளைஞர் ஆயிரக்கணக்கில் சுரங்கங்களுக்கு வந்தனர். மனைவி மக்களை ஊரில் விட்டுத் தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டு வாழ்ந்த அவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தத்தம் ஊர்ப் பாணியில் ஆடிப் பாடினர். சோப்பி மக்கள் திம்பிலாவைச் சுரங்கத்திலேயே செய்து இசைத்தனர். ஒரே முற்றத்தில் பல வட்டாரப் பாணிகள் அடுத்தடுத்து ஒலித்தன.

ஹியூ டிரேசி (1903 - 1977) என்பார் இவற்றைக் கேட்டுப் பதிந்தார். சோப்பி இசைஞர் பற்றி 1948இலும், சுரங்கத்து ஆடல்கள் பற்றி 1952இலும் நூல்கள் எழுதினார். 1954இல் ஆப்பிரிக்க இசைக்கெனப் பன்னாட்டு நூலகம் ஒன்றை நிறுவி, 200க்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளை ஊர்ப்பெயர், மொழி, கருவி ஆகிய குறிப்புகளுடன் வெளியிட்டார். அவர் பதிந்திராவிடின் இன்று நமக்குக் கேட்கக் கிடையாத பாணிகள் பல.

ஆயினும் சுரங்கத்து முற்றத்தில் நிகழ்ந்தவை அனைத்தும் நன்மையாக இல்லை. சுரங்க நிருவாகங்கள் அரங்குகள் கட்டிப் போட்டிகள் வைத்து வெளியூர்ப் பார்வையாளருக்குக் காட்டத் தொடங்கியபோது, ஊரில் ஒரு பருவத்திற்கும் ஒரு சடங்கிற்கும் உரியதாயிருந்த கலை ஞாயிற்றுக்கிழமைக் காட்சியாகச் சுருங்கியது. மறுபுறம், புதியனவும் பிறந்தன. சுரங்கத்தின் ரப்பர் பூட்சுகளைத் தட்டியும் மிதித்தும் தாளம் எழுப்பும் ஆட்டமும், நகர விடுதிகளில் சூலு இளைஞர் அடக்கிய குரலில் பாடிய 'இசிகாத்தாமியா' என்னும் குழுப்பாடலும் அத்தொழிலாளர் வாழ்விலிருந்து தோன்றியவை. இழப்பும் பிறப்பும் ஒரே முற்றத்தில் நிகழ்ந்தன என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

நம் நகரியத்தின் பாணிகள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைந்தது. 1957இல் சுரங்கப்பணி தொடங்கி, 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. சுரங்கம் விரிய விரியப் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. ஊர் பெயர்ந்தபோது வீடு மட்டுமா பெயர்ந்தது? ஊர்க்கோயிலும் அதன் விழாவும், விழாவுக்குரிய கூத்தும், கூத்துக்குரிய களமும் உடன் பெயர்ந்தன. இன்னொரு புறம், நகரியத்து வட்டங்களில் நெல்லைக்காரரும் தஞ்சைக்காரரும் கேரளத்தாரும் ஆந்திரத்தாரும் வந்து அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினர். விட்வாட்டர்ஸ்ராண்டின் விடுதி முற்றத்தைப் போல இதுவும் பல நிலத்துப் பறைகள் கூடிய இடமே. அங்கு இருந்த நிறக்கொடுமை இங்கு இல்லை என்னும் பெரிய வேறுபாட்டையும் மறத்தலாகாது.

இவ்வட்டாரத்திற்கென்றே உரிய பாணிகளை நம் மாணவர் எத்துணை அறிவர்? பழைய தென்னார்க்காட்டு மாவட்டம் தெருக்கூத்தின் தாய்நிலங்களுள் ஒன்று. திரௌபதியம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக நாட்கணக்கில் நடைபெற்றுத் தீமிதியில் நிறைவுறும். அக்கூத்தில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என இரண்டு உண்டு. அடவிலும் அணியிலும் பாடும் முறையிலும் அவை வேறுபடும். முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் தாளமும் அதன் கருவிகள். வேலுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத்தில் காவடிகளோடு வரும் மேளங்களைக் காது கொடுத்துக் கேட்போர், பம்பைக்கும் தவிலுக்கும் உடுக்கைக்கும் பறைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வர். பறையிலேயே சாமிச்சாட்டு அடி, மருளடி, மாரடிப்பு அடி எனப் பல அடிகள் உள; ஒவ்வொன்றுக்கும் உரிய நிகழ்வும் வேறு.

நம் சமுதாயத்திலும் இத்தகைய செல்வங்கள் உள்ளன. பரங்கிப்பேட்டை, இலால்பேட்டை, நெல்லிக்குப்பம் போன்ற ஊர்கள் நிறைந்த மாவட்டம் இது. இரமலான் மாதத்தில் சஹர் நேரத்தில் தாயிராவைத் தட்டிப் பாடி மக்களை எழுப்பிய பக்கீர்களைப் பெரியவர்கள் அறிவர். திருமண ஊர்வலத்தின் பைத்து, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, மகளிர் பாடிய தாலாட்டு ஆகிய ஒவ்வொன்றும் ஊருக்கு ஊர் மெட்டு வேறுபட்டவை. நூல்கள் அச்சில் உள்ளன. மெட்டுகளோ முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. சஹருக்கு எழுப்பும் பணியை இன்று கைப்பேசி செய்கிறது. நிகழ்வு வேறு வழியில் நடந்துவிட்டால் பாணிக்கு வேலையில்லாமற் போகிறது. சிறாம்பியடி மக்கள் பொருள் தெரியாச் சொற்களை மெட்டோடு காத்தனர்; நாமோ பொருள் தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு மெட்டை விட்டுவிடும் நிலையில் இருக்கிறோம்.

நிகழ்வு இசையைக் காக்கும் என்றோம். ஆனால் அந்நிகழ்வே சிலருக்கு இழிவையும் சுமத்தியதுண்டு. சாவுக்குப் பறையடித்தலைச் சாதியின் கடமையாக ஆக்கிய கொடுமையால், மானத்தை நாடிப் பறையைக் கைவிட்ட குடும்பங்கள் பல. அவர்களைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. கலையைக் காப்பதென்பது கலைஞனைப் பழைய இழிவில் நிறுத்துவதாக ஆகிவிடக் கூடாது. கட்டாயத்திலிருந்து விடுபட்ட பறை மேடையில் தலைநிமிர்ந்து ஒலிக்கவும் வல்லது. 2025ஆம் ஆண்டில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது இதற்குச் சான்றாகும். அடிமை வாழ்வின் நினைவைச் சுமந்த கோமாவும் இன்று உலக அரங்குகளில் மதிப்புடன் நிற்கிறது.

மற்றொரு போக்கும் கவலைக்குரியது. இன்று எவ்வூர் விழாவாயினும் ஒரே வகைச் செண்டையும், ஒரே வகை பேண்டு செட்டும் வாடகைக்கு வருகின்றன. செண்டையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. அது தன் மண்ணில் பேரிசை. எல்லா மண்ணிலும் அது ஒன்றே ஒலிக்குமாயின் முதலில் அழிவது உள்ளூர்ப் பாணியே; பிறகு, எங்கும் ஒலிப்பதால் செண்டையும் தன் மண்ணின் மணத்தை இழக்கும்.

செய்யத் தகுவன

பெரும் பொருட்செலவின்றி நம் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்திலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரின் பாட்டையோ அடியையோ கைப்பேசியில் பதியலாம். பதிவோடு ஐந்து குறிப்புகள் இருத்தல் வேண்டும்: பாடுவோரின் பிறந்த ஊர், பாடலுக்குரிய நிகழ்வு, கருவியின் பெயர், அடியின் அல்லது மெட்டின் பெயர், கற்பித்தவர் யார் என்பது. டிரேசியின் பதிவுகள் இன்றும் பயன்படுவது இத்தகைய குறிப்புகளால்தான். குறிப்பில்லாத பதிவு முகவரியில்லாத மடல் போன்றது. பதிவதற்கு முன் பாடுவோரின் இசைவைப் பெறுதலும், கலையே தொழிலாக உடையோர்க்கு உரிய ஊதியம் அளித்தலும் நம் கடமைகள்.

சமுதாயப் பெரியவர்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்றே. தங்கள் இல்லத் திருமணத்தில், தங்கள் ஊரின் பைத்து மெட்டு தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்து, இளைஞர் நால்வரை அவரோடு சேர்ந்து பாடச் செய்யுங்கள். பதிவு பாணியை நினைவில் வைக்கும். நிகழ்வே அதனை உயிரோடு வைக்கும். ஆசிரியர்கள் திணைக்கோட்பாட்டைக் கற்பிக்கும்போது கருப்பொருளைத் தேர்வுக்குரிய பட்டியலாக மட்டும் நிறுத்தாது, 'உன் ஊரின் பறை எது?' என்று ஒவ்வொரு மாணவரையும் வினவுதல் நன்று.

கண்டத்தையும் மொழியையும் பெயரையும் கூட இழந்த மக்கள், நான்கைந்து நூற்றாண்டுகளாக ஒரு தாளத்தைக் கைவிடாது காத்து வந்துள்ளனர். நாம் இழந்தது அவர்கள் இழந்ததில் ஒரு சிறு பங்கும் ஆகாது. அவர்கள் காத்ததில் ஒரு பங்கையேனும் நாம் காத்தல் வேண்டும். இவ்வட்டாரத்தில் கூத்தின் அடவு தெரிந்தவரும், அடியின் பெயர் தெரிந்தவரும், பைத்தின் மெட்டு தெரிந்தவரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே சென்று கேட்போமாக.